நெட் கேபிளில் கரண்ட்: பிஓஇ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமராவும் வைஃபையும் மாட்டித் தருவது என் தொழில். வீட்டுக்காரர், கடைக்காரர், கூடவே வரும் எலக்ட்ரீஷியன், புதிதாகத் தொழிலுக்கு வந்த தம்பிகள் என ஆட்கள் மாறுகிறார்களே தவிர, சந்தேகங்கள் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன்.

பிஓஇ, பிஓஇன்னு எல்லாரும் சொல்றாங்க. அது என்ன சார்?

'பவர் ஓவர் ஈதர்நெட்' என்பதன் சுருக்கம். ஐபி கேமராவுக்கு இரண்டு இணைப்பு வேண்டும்: படத்தை எடுத்துச்செல்ல நெட் கேபிள், ஓடுவதற்குக் கரண்ட். அந்தக் கரண்டையும் நெட் கேபிளே கொண்டுவந்து கொடுத்தால் அது பிஓஇ. கேமராவுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் வேண்டாம். சன்ஷேடுக்கு மேலே அடாப்டரை டேப் சுற்றித் தொங்கவிட வேண்டாம்.

யோசனை பழையதுதான். வீட்டில் லேண்ட்லைன் போன் இருந்த காலத்தில், தெருவே இருட்டாகக் கிடந்தாலும் போன் மட்டும் மணி அடிக்கும். எக்ஸ்சேஞ்சில் இருந்த பேட்டரியின் 48 வோல்ட் டிசி, பேச்சு வந்த அதே இரண்டு கம்பியில் வந்துகொண்டிருந்தது. பிற்பாடு அலுவலகங்களில் மேசைக்கு மேசை ஐபி போன் வந்தபோது, ஒவ்வொன்றுக்கும் அடாப்டர் தேடுவது பெரிய தொல்லையாகிவிட்டது. 2000-இல் சிஸ்கோ தன் சொந்த முறையில் நெட் கேபிளிலேயே போனுக்குக் கரண்ட் கொடுத்தது. 2003-இல் ஐஇஇஇ அமைப்பு எல்லா கம்பெனிகளுக்கும் பொதுவான ஒரு தரத்தை வெளியிட்டது. இன்று நாம் வாங்கும் பிஓஇ சுவிட்சுகள், அதாவது பல நெட் கேபிள்களை ஒன்றாக இணைத்து அவற்றில் கரண்டும் கொடுக்கும் பெட்டிகள், அந்த வழியில் வந்தவை.

டேட்டா போற கம்பியிலயே கரண்டும் போனா ரெண்டும் கலந்துடாதா?

கலக்காது. நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். டேட்டா என்பது ஒரு ஜோடிக்குள் இருக்கும் இரண்டு கம்பிகளுக்கு இடையிலான சின்ன வித்தியாசம். பிஓஇ அந்த வித்தியாசத்தைத் தொடுவதில்லை. ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளையும் சேர்த்து பிளஸ் ஆக்குகிறது, இன்னொரு ஜோடியை அப்படியே மைனஸ் ஆக்குகிறது. இரண்டு பேர் தரையில் நின்று பேசினாலும் மொட்டைமாடியில் நின்று பேசினாலும் அவர்களுக்குள் பேச்சு ஒன்றுதானே, அந்த மாதிரி. போர்ட்டுக்குள் இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மரின் நடுமுனையில் கரண்டை ஏற்றி, மறுமுனையில் அதே நடுமுனையில் எடுத்துக்கொள்கிறார்கள்.

கச்சேரிக்கு மைக் செட் போடுபவர்களிடம் கேட்டால் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள். கண்டென்சர் மைக்குக்கு மிக்சரிலிருந்து 48 வோல்ட் 'ஃபேன்டம்' கொடுப்பதும் இதே வித்தைதான்.

ஸ்பீடு குறையுமா?

குறையாது. ஜிகாபிட் வேகத்தில் நான்கு ஜோடிகளிலும் டேட்டா ஓடும், அதன் மேலேயே கரண்டும் ஓடும். பிஓஇ போட்ட பிறகு வேகம் குறைந்தது என்றால் கேபிளையோ கிரிம்பிங்கையோ (கேபிள் முனையில் பிளக் அடித்த விதத்தை) சந்தேகப்படுங்கள்.

ஷாக் அடிக்குமா? வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்க.

சுவிட்சிலிருந்து கிளம்புவது 44 முதல் 57 வோல்ட் வரையிலான டிசி. உலர்ந்த கையால் தொட்டால் ஒன்றும் தெரியாது. கை ஈரமாக இருந்தால் சுருக்கென்று இருக்கலாம். 60 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்று வைத்திருப்பதே இதற்காகத்தான். போதாததற்கு, வெறுமனே கிடக்கும் பிளக்கில் இந்த வோல்டேஜ் இருக்கவே இருக்காது. ஏன் என்பது அடுத்த பதிலில்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. பைப்பில் இடம் இருக்கிறதே என்று 230 வோல்ட் லைன் போகும் அதே பைப்பில் நெட் கேபிளையும் சேர்த்து இழுத்துவிடுகிறார்கள். பத்து வருஷம் கழித்து உள்ளே எங்காவது தோல் உரிந்தால், 230 வோல்ட் நேராக உங்கள் ரவுட்டருக்கு வரும். தனிப் பைப் போடச் சொல்லுங்கள். வீடு கட்டும்போதே சொன்னால் செலவு அற்பம்.

அண்ணா, தெரியாம லேப்டாப்பை பிஓஇ போர்ட்ல குத்திட்டேன். போச்சா?

போகவில்லை, நிம்மதியாக இருங்கள். தரப்படி செய்த சுவிட்ச் கேட்காமல் கொடுக்காது. பிளக் ஏறியதும் முதலில் 10 வோல்ட்டுக்கும் குறைவான சின்ன வோல்டேஜை அனுப்பி, எதிரே எவ்வளவு மின்தடை இருக்கிறது என்று பார்க்கும். பிஓஇ கருவிகளுக்குள் அடையாளத்துக்கென்றே 25 கிலோ ஓம் மின்தடை இருக்கும். அதைக் கண்டால்தான் 'நம்ம ஆள்' என்று அடுத்த கட்டத்துக்குப் போகும். லேப்டாப்பில் அது கிடையாது. அதனால் டேட்டா மட்டும் போகும், கரண்ட் வராது.

அடையாளம் சரியாக இருந்தால் 15 முதல் 20 வோல்ட் வரை ஏற்றி, 'உனக்கு எவ்வளவு வேண்டும்?' என்று கேட்கும். கருவி இழுக்கும் கரண்டின் அளவை வைத்து அது எந்த வகுப்பு என்று முடிவு செய்யும். அதற்கப்புறம்தான் முழு 48 வோல்ட். இவ்வளவும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். கொடுத்த பிறகும் கண் வைத்துக்கொண்டே இருக்கும். எதிர்முனை 10 மில்லிஆம்பியர் அளவுக்குக்கூட இழுக்கவில்லை என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு அரை நொடிக்குள் நிறுத்திவிடும்.

அப்போ எந்த பிஓஇ போர்ட்லயும் எதையும் தைரியமா குத்தலாம்?

இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 'பேசிவ் பிஓஇ' என்று இன்னொரு ஜாதி உண்டு. அது கேட்பது கிடையாது. ஆன் செய்ததிலிருந்து 24 வோல்ட்டோ 48 வோல்ட்டோ போர்ட்டில் நின்றுகொண்டே இருக்கும், வழக்கமாக 4, 5 கம்பிகளில் பிளஸ், 7, 8-இல் மைனஸ். மொட்டைமாடி வயர்லெஸ் ரேடியோக்களோடு வரும் சின்ன அடாப்டர்கள் பல இந்த வகை. அந்த ரேடியோவுக்கு அது பொருத்தமானதே. வேறு எதிலாவது குத்தினால்தான் வம்பு.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பிரின்டரை நானே காலி செய்திருக்கிறேன். ரேடியோவுக்குப் போக வேண்டிய 24 வோல்ட் பிளக்கைக் கைமாறி அதில் குத்திவிட்டேன். பல கருவிகளில், பயன்படாத ஜோடிகளை உள்ளே 75 ஓம் மின்தடைகள் வழியாக இணைத்து வைத்திருப்பார்கள். இரண்டு மின்தடை, 150 ஓம், 24 வோல்ட்: ஒவ்வொன்றிலும் சுமார் 2 வாட் சூடு. எள்ளளவு மின்தடைக்கு அது சாவு. வாசனை வந்த பிறகு பிடுங்கி என்ன பயன்? பிரின்டருக்கு என் சம்பளத்திலிருந்து காசு போனது.

வாங்கின சுவிட்ச் ஒரிஜினல் பிஓஇயா, சும்மா ஸ்டிக்கரான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மல்டிமீட்டர் போதும். ஒரு முனையில் மட்டும் பிளக் அடித்த அரை மீட்டர் கேபிள் ஒன்றைத் தயார் செய்து, மறுமுனைக் கம்பிகளைப் பிரித்து வையுங்கள். மீட்டரை 200 வோல்ட் டிசியில் வைத்து, ஆரஞ்சு ஜோடிக்கும் பச்சை ஜோடிக்கும் இடையே ஒரு முறை, நீல ஜோடிக்கும் பழுப்பு ஜோடிக்கும் இடையே ஒரு முறை அளந்து பாருங்கள். சில வோல்ட் வந்து வந்து போனால், முன்பு சொன்ன அந்த 'யார் அங்கே?' கேள்வியைத்தான் மீட்டர் காட்டுகிறது. சுவிட்ச் நல்லது. நிலையாக 24 அல்லது 50 வோல்ட் நின்றால் அது பேசிவ். அட்டைப்பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி.

பேசிவ் என்பதற்காகத் தூக்கிப் போட வேண்டியதில்லை. 48 வோல்ட் வகையாக இருந்தால் பிஓஇ கேமராக்கள் பெரும்பாலும் ஓடிவிடும். அதன் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள், லேப்டாப்காரர்கள் பிழைத்துப்போகட்டும்.

பெட்டியில ஒண்ணுல 15 வாட்னு போட்டிருக்கு, ஒண்ணுல 30, ஒண்ணுல 90. எது வேணும் எனக்கு?

2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட். சாதாரண டோம், புல்லட் கேமராக்களுக்கும் ஐபி போனுக்கும் இது தாராளம். 2009-இல் வந்த 802.3ஏடி, அதாவது கடையில் 'பிஓஇ பிளஸ்' என்று கேட்டால் எடுத்துக்கொடுப்பது, 30 வாட். நல்ல வைஃபை அக்சஸ் பாயின்ட்டுக்கும், சுழலும் கேமராக்கள் பலவற்றுக்கும் இது வேண்டும். 2018-இல் வந்த 802.3பிடி நான்கு ஜோடிகளிலும் கரண்ட் அனுப்பி 60 வாட், 90 வாட் வரை கொடுக்கிறது. வீட்டுக்கும் கடைக்கும் இது பெரும்பாலும் வீண் செலவு.

பெரியதை வாங்கினால் சின்னக் கருவி கருகிவிடுமோ என்று கேட்பவர்களுக்கு: வகுப்பு கேட்டுத்தானே கொடுக்கிறது, கருகாது. 5 வாட் கேமராவை 90 வாட் போர்ட்டில் குத்தினாலும் அது 5 வாட்தான் எடுக்கும்.

கேமரா டப்பாவுல 12.95ன்னு போட்டிருக்கான். சுவிட்ச்ல 15.4. நடுவுல இருக்கறதை யார் திருடினது?

கேபிள்தான். செம்புக் கம்பிக்கும் மின்தடை உண்டு. 100 மீட்டர் ஓடும்போது கொஞ்சம் கரண்ட் சூடாகக் கரைந்துபோகும். மோசமான, நீளமான கேபிளாக இருந்தால் எவ்வளவு கரையும் என்று கணக்குப் போட்டு, அதைக் கழித்த பிறகு கருவிக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட் என்று எழுதிவைத்தார்கள். பிஓஇ பிளஸில் 30-க்கு 25.5. அங்கே கணக்கு சுலபம்: 0.6 ஆம்பியர், 12.5 ஓம். கரண்டின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் 4.5 வாட். 90 வாட்டில் உறுதியாக வந்து சேர்வது 71.3.

உங்கள் கேபிள் 20 மீட்டர்தான் என்றால் இழப்பு மிகக் குறைவு. ஆனாலும் கேமராவை இந்தச் சின்ன எண்ணை வைத்தே தேர்ந்தெடுங்கள்.

12 வோல்ட் அடாப்டரையே தூரமா இழுத்துக் கொடுத்தா என்ன? எங்க எலக்ட்ரீஷியன் நெட் கேபிள்லயே நாலு கம்பி டேட்டாவுக்கு, நாலு கம்பி கரண்டுக்குன்னு பிரிச்சுத் தர்றார்.

பத்து மீட்டருக்கு ஓடும். அதற்கு மேல் போகப் போக அழும். 6 வாட் கேமரா 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும். கேட்-5இ என்பது சாதாரண நெட் கேபிளின் தர வகை; நல்ல செம்புக் கேட்-5இ கேபிளில் ஒரு கம்பிக்கு 100 மீட்டரில் சுமார் 8.4 ஓம். 50 மீட்டர் தூரம், போக இரண்டு கம்பி, வர இரண்டு கம்பி என்றால் மொத்தம் 4.2 ஓம். அரை ஆம்பியருக்கு 2.1 வோல்ட் வழியிலேயே போய்விட்டது. கேமரா வாசலில் நிற்பது 9.9 வோல்ட்.

அதே கேமரா, அதே நான்கு கம்பி, 48 வோல்ட். இப்போது கரண்ட் 0.125 ஆம்பியர்தான், இழப்பு அரை வோல்ட். 48-இல் அரை வோல்ட்டை யார் தேடப்போகிறார்கள்! உங்கள் எலக்ட்ரீஷியன் செய்வது தப்பு வேலை என்று சொல்லமாட்டேன். குறைந்த வோல்டேஜில் தூரம் போகாது, அவ்வளவுதான்.

பகல்ல நல்லா ஓடுது சார். ராத்திரி ஆனா கேமரா தானா ஆஃப் ஆகி ஆஃப் ஆகி வருது. ஏதாவது காத்து கருப்பா?

என்னிடம் அதிகமாக வரும் புகார் இதுதான். இருட்டியதும் கேமரா தன் அகச்சிவப்பு விளக்குகளை எரிக்கும். பகலில் 5 வாட் எடுத்தது அப்போது 9, 10 என்று ஏறும். கரண்ட் ஏறினால் கேபிளில் இழப்பும் ஏறும், கேமராவுக்கு வந்துசேரும் வோல்டேஜ் குறையும். ஒரு கட்டத்தில் அது படுத்துவிடும். படுத்ததும் லோடு குறைந்து வோல்டேஜ் நிமிரும், கேமரா எழுந்து விளக்கைப் போடும், மறுபடி படுக்கும். விடிய விடிய இதே கூத்து.

முதலில் கேமரா செட்டிங்கில் அகச்சிவப்பு விளக்கை நிறுத்திவிட்டு ஒரு இரவு பாருங்கள். கேமரா படுக்காமல் இருந்தால் கோளாறு கரண்டில்தான். பிறகு தேட வேண்டிய இடங்கள் மூன்று: முந்தைய கேள்வியில் பார்த்த 12 வோல்ட் இழுப்பு, கீழே வரும் சுவிட்சின் மொத்த வாட், அதற்கும் கீழே வரும் கேபிள்.

8 போர்ட் இருக்கே, 8 கேமரா போடலாம்தானே?

போர்ட் எண்ணிக்கை வேறு, சுவிட்சின் மொத்தக் கொள்ளளவு வேறு. 8 போர்ட்டுக்கும் 15.4 வாட் கொடுக்க 123 வாட் வேண்டும். விலை குறைந்த சுவிட்சுகளில் மொத்தமே 60, 65 வாட்தான் இருக்கும். பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். பகலில் 7 வாட் வீதம் 8 கேமரா 56 வாட், ஓடும். இரவில் 11 வீதம் 88 வாட். சுவிட்ச் கையை விரித்து ஏதாவது ஒரு போர்ட்டைக் கழற்றிவிடும். பல சுவிட்சுகளில் கடைசி எண் போர்ட்டுகளுக்குத்தான் முதல் பலி. 'எட்டாவது கேமரா மட்டும் ராத்திரி வரமாட்டேங்குது' என்று போன் வந்தால் நான் வண்டியை எடுப்பதற்கு முன்பே காரணம் தெரிந்துவிடும்.

கணக்குப் போடும்போது ஒவ்வொரு கேமராவின் உச்ச வாட்டையும் கூட்டி, அதன் மேல் கால் பங்கு சேர்த்து வாங்குங்கள்.

கேட்-5இ போதுமா, கேட்-6 தான் போடணுமா?

கேமராவுக்குக் கேட்-5இ போதும். கேட்-6 கம்பி கொஞ்சம் தடிமன், அதனால் இழப்பும் கொஞ்சம் குறைவு. சுவருக்குள் புதைப்பதாக இருந்தால் கேட்-6 போடுங்கள். தட்டையாகப் பட்டை மாதிரி வரும் கேபிள் மட்டும் வேண்டாம், உள்ளே கம்பி தலைமுடி கனம்தான்.

பாதி விலையில ஒரு கேட்-6 கிடைக்குது. அதே நீலக் கலர், அதே எழுத்து. வாங்கிடலாமா?

வாங்காதீர்கள். இதை மட்டும் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பாதி விலைக் கேபிள் பெரும்பாலும் சிசிஏ, அதாவது அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம். மின்தடை செம்பைப் போல ஒன்றரை மடங்கு. மேலே போட்ட எல்லாக் கணக்கையும் ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். நெட்வொர்க் கேபிளுக்கான தரங்கள் முழுச் செம்பைத்தான் ஏற்கின்றன. மேலே கேட்-6 என்று அச்சடித்துவிட்டால் சிசிஏ கேட்-6 ஆகிவிடாது.

டேட்டா மட்டும் போகும்போது வித்தியாசம் உடனே தெரியாது. அதனால்தான் 'நம்ம கடையில ஓடுதே' என்று சொல்லி விற்கிறார்கள். பிஓஇ ஏற்றினால்தான் சாயம் வெளுக்கும். அலுமினியம் நான்கு தடவை வளைத்தால் முறியும், கீஸ்டோனில் (சுவரில் வரும் நெட் சாக்கெட்டில்) அழுத்தினால் நாளடைவில் பிடி தளரும், பிடி தளர்ந்த இடம் சூடாகும்.

கடையிலேயே சோதிக்கலாம். கம்பியின் முனையை பிளேடால் சுரண்டுங்கள். செம்புக்கு அடியிலும் செம்பாக இருந்தால் நல்லது, வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். இரண்டு 305 மீட்டர் பெட்டிகளைக் கையில் தூக்கிப் பார்த்தாலே சிசிஏ பெட்டி லேசாக இருப்பது தெரியும். சுவிட்சை நாளைக்கு மாற்றலாம், கேமராவையும் மாற்றலாம். பூசி, பெயின்ட் அடித்த சுவருக்குள் இருக்கும் கேபிளை யார் மாற்றுவது?

டெஸ்டர்ல எட்டு லைட்டும் வரிசையா எரியுது. கேமராவுக்குக் கரண்டும் வருது. ஆனா படம் வரல. என்ன மாயம்?

பிளக்கைப் பிடுங்கி நிற வரிசையைப் பாருங்கள். இரண்டு முனையிலும் ஒரே வரிசைதான் வைத்திருப்பீர்கள், ஆனால் அது உங்கள் சொந்த வரிசை: ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று பார்க்க அழகாக. ஒன்றிலிருந்து எட்டு வரை நேராகச் சேர்ந்திருப்பதால் டெஸ்டர் பாஸ் போடும், கரண்டும் தடையில்லாமல் போகும். ஆனால் 3-ம் 6-ம் ஒரே முறுக்கின் ஜோடியாக இருக்க வேண்டும். உங்கள் வரிசையில் 3 பச்சை ஜோடியிலும் 6 நீல ஜோடியிலும் போய்விட்டது. முறுக்குப் பிரிந்தால் பக்கத்து ஜோடியின் இரைச்சல் உள்ளே வந்துவிடும். இரண்டு மீட்டர் கேபிளில் ஓடிவிடும், நாற்பது மீட்டரில் ஓடாது. சரியான வரிசை: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு.

இதற்குத் தலைகீழ்க் கதையும் உண்டு. லேப்டாப்பில் நெட் வருகிறது, கேமராவுக்கு மட்டும் கரண்ட் வரவில்லை. யாரோ சிக்கனமாக 1, 2, 3, 6 என நான்கு கம்பி மட்டும் அடித்திருப்பார்கள். சுவிட்சோ 4, 5, 7, 8 வழியாகக் கரண்ட் அனுப்பும் வகை. எட்டையும் அடியுங்கள்.

100 மீட்டர்தான்னு சொல்றீங்க. என் சுவிட்ச்ல 250 மீட்டர்னு ஒரு பட்டனே இருக்கே?

அந்தப் பட்டனைத் தள்ளினால் போர்ட் வேகம் 10 எம்பிபிஎஸ் ஆகிவிடும். மெதுவாகப் பேசினால் தூரத்துக்குக் கேட்கும் என்கிற கணக்கு. ஒரு கேமராவுக்கு 10 எம்பிபிஎஸ் போதும் என்பதால் பொய் விளம்பரம் இல்லை. ஆனால் கரண்டுக்கு அந்தச் சலுகை கிடையாது, 250 மீட்டர் இழப்பு 250 மீட்டர் இழப்புதான். நல்ல செம்புக் கேபிள், குறைந்த வாட் கேமரா என்றால் மட்டும் முயன்று பாருங்கள். தோட்டத்தின் கடைசி கேட் மாதிரியான இடத்துக்கு நடுவில் ஒரு பிஓஇ எக்ஸ்டெண்டர் போடலாம். அதற்கும் மேல் ஃபைபர்தான்.

ரெண்டு பிஓஇ சுவிட்சை ஒண்ணோட ஒண்ணு கோர்த்தா ஷார்ட் ஆகாதா?

ஆகாது. இரண்டும் எதிராளியிடம் 25 கிலோ ஓம் அடையாளத்தைத் தேடும், இரண்டிலும் அது இருக்காது. டேட்டா மட்டும் பேசிக்கொள்ளும். ஒன்று பேசிவ் என்றால் இந்த உத்தரவாதம் கிடையாது.

ஒரே ஒரு கேமராதான் சார். அதுக்குப் போய் சுவிட்ச் வாங்கணுமா?

வேண்டாம். 'இன்ஜெக்டர்' என்று ஒரு சின்ன டப்பா கிடைக்கும். ரவுட்டரிலிருந்து ஒரு கேபிள் உள்ளே, கேமராவுக்கு ஒரு கேபிள் வெளியே. வாங்கும்போது 802.3ஏஎஃப் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் அது பேசிவாக இருக்கலாம். இரண்டு ஓட்டையையும் மாற்றிக் குத்துவது எல்லோரும் செய்கிற தப்பு, நானும்தான். தரமான டப்பா என்றால் ஒன்றும் ஆகாது, பேசிவ் என்றால் ரவுட்டர் போர்ட்டுக்கு வம்பு.

கேமராவில் பிஓஇ இல்லை, 12 வோல்ட் பின் மட்டும்தான் என்றால் கேமரா பக்கம் ஒரு 'ஸ்ப்ளிட்டர்' போட வேண்டும். அது 48 வோல்ட்டை வாங்கி 12 ஆக இறக்கி, டேட்டாவையும் கரண்டையும் தனித்தனியாகக் கொடுக்கும்.

கரண்ட் போனா கேமரா நிக்குமா?

இதற்காகவே பிஓஇ போடலாம். எல்லாக் கேமராவுக்கும் கரண்ட் ஒரே சுவிட்சிலிருந்து வருவதால், அந்த ஒரு சுவிட்ச், என்விஆர் (கேமரா படங்களைப் பதிவு செய்யும் பெட்டி), ரவுட்டர் மூன்றையும் இன்வெர்ட்டரில் போட்டால் போதும். ஆறு கேமரா உள்ள வீட்டில் எல்லாம் சேர்ந்து ஒன்று அல்லது ஒன்றரை சீலிங் ஃபேன் அளவு லோடுதான் வரும்.

கரண்ட் போகும் நொடியில் எல்லாம் ஒரு தடவை ஆஃப் ஆகி வருகிறது என்றால், இன்வெர்ட்டரின் பின்னால் இருக்கும் 'யுபிஎஸ் மோடு' பட்டனைத் தேடுங்கள். சாதாரண மோடில் அது மாறுவதற்கு எடுக்கும் நேரத்தை ஃபேன் பொறுத்துக்கொள்ளும், சுவிட்ச் பொறுக்காது.

ஒவ்வொரு வருஷமும் இடி மழையில ரெண்டு கேமரா போயிடுது. இதுக்கு வழியே இல்லையா?

இடி நேராகக் கேமரா மேல் விழத் தேவையில்லை. பக்கத்தில் எங்காவது விழுந்தாலே நீளமான செம்புக் கேபிளில் ஒரு வோல்டேஜ் கிளம்பும். ஈதர்நெட் போர்ட்டுகளில் 1,500 வோல்ட் தாங்கும் தடுப்பு இருக்கும், அதையும் தாண்டினால் கேமராவும் போகும், சில நேரம் சுவிட்ச் போர்ட்டும் சேர்ந்து போகும். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு, வீட்டிலிருந்து கேட் கம்பத்துக்கு என்று வெளியே ஓடும் கேபிள்தான் முதல் குறி. அங்கெல்லாம் பிஓஇக்கென்று வரும் சர்ஜ் புரொடெக்டரை இரண்டு முனையிலும் போட்டு, அதன் எர்த் கம்பியை நிஜமான எர்த்தில் கொடுக்க வேண்டும். எர்த் கம்பியைச் சுருட்டி டப்பாவுக்குள் திணித்து வைத்த புரொடெக்டர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அது வெறும் அலங்காரம். கட்டடம் விட்டுக் கட்டடம் என்றால் ஃபைபர் போட்டுவிடுங்கள், கண்ணாடிக்கு இடியைப் பற்றிக் கவலை இல்லை.

அப்புறம், 'இடியில போச்சு' என்று சொல்லப்படும் கேமராக்களில் பாதி, தண்ணீரில் போனவை. பிளக்கைக் கழற்றினால் பின்கள் பச்சை பூத்திருக்கும். ஈரமும் டிசியும் சேர்ந்தால் பிளஸ் பக்கத்துப் பின் அரித்துக்கொண்டே போகும், பிஓஇ இல்லாத பிளக்கைவிட வேகமாக. இதைத் தடுக்கத்தான் கேமரா பெட்டிக்குள் ரப்பர் வளையத்தோடு ஒரு பிளாஸ்டிக் மூடி வருகிறது. பெட்டியோடு குப்பைக்குப் போவதும் அதுதான். கேபிள் கேமராவுக்குள் நுழைவதற்கு முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

கேபிள் சூடாகித் தீப்பிடிக்கும்னு ஒருத்தர் பயமுறுத்தினார்.

வீட்டில் எட்டு கேமராவுக்கு ஓடும் கேபிள் சூடாவதைக் கையால் உணரக்கூட முடியாது. பெரிய அலுவலகத்தில் நூறு கேபிளை ஒரே கட்டாகக் கட்டி, எல்லாவற்றிலும் 60, 90 வாட் ஏற்றினால் நடுவில் இருக்கும் கேபிளுக்கு மூச்சு முட்டும். அங்கே கட்டைச் சின்னதாக, 24 கேபிளுக்குள் வைப்பது வழக்கம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் ஓட்டுபவர்கள் மட்டும் இன்னொன்றைக் கவனிக்கவும்: செம்பு 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் மின்தடை சுமார் 16 சதவீதம் கூடும். குளிர்காலத்தில் விளிம்பில் ஓடிய கேமரா சித்திரை வெயிலில் படுப்பதற்கு அதுவே போதும்.

ஓடிக்கிட்டு இருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கலாமா?

15 வாட் கேமராவில் ஒன்றும் ஆகாது. வாட் கூடக் கூட, பிடுங்கும் கணத்தில் பின்னுக்கும் பிளக்குக்கும் நடுவே சின்னப் பொறி பறக்கும். நல்ல பிளக்கில் அந்தப் பொறி, பின் கடைசியாக உட்காரும் இடத்தில் விழாமல் தள்ளி விழும்படி வடிவமைத்திருப்பார்கள். மலிவு பிளக்கில் தங்க முலாம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். 60 வாட்டுக்கு மேற்பட்ட கருவி என்றால், சுவிட்சின் செட்டிங்கில் அந்தப் போர்ட்டின் பிஓஇயை நிறுத்திவிட்டுப் பிடுங்குங்கள். வேலை முடிந்ததும் திரும்ப ஆன் செய்யுங்கள். அதை மறந்துவிட்டு, கேமரா செத்துப்போச்சு என்று ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன் செய்தவர்கள் இதுவரை மூன்று பேர்.